டிவியில் ரேஸ் வர்ணனை: சத்தம் இருக்கிறது, சேதி இல்லை

மைன்ஷாஃப்ட் (மிட்ராண்ட்)

போன ஞாயிறு ஃபார்முலா ஒன் கார் ரேஸ் பார்த்து வந்த கோபம் இன்னும் தணியவில்லை, அதனால்தான் இந்த இழை. பதினோராவது இடத்துக்கு இரண்டு பேர் முட்டிக்கொண்டிருந்தார்கள். படம் அங்கேயே நின்றது. வர்ணனையாளர்கள் இருவரும் அதையே பார்த்து ஐந்து சுற்று கத்தினார்கள். திரையின் இடது ஓரத்தில் ஓடும் பட்டியலில், இரண்டாவது இடத்தில் இருந்தவன் முதல் ஆளுடனான இடைவெளியைச் சுற்றுக்கு ஒரு நொடிக்கு மேல் தின்றுகொண்டிருந்தான். நான் பார்த்தேன். என் பன்னிரண்டு வயது மகனும் பார்த்தான். மைக் பிடித்தவர்கள் கண்ணில் மட்டும் படவில்லை.

இங்கே தென்னாப்பிரிக்காவில் சூப்பர்ஸ்போர்ட் சேனலில் நமக்கு வருவது பிரிட்டிஷ் சேனலின் குரல். படம் அவர்களுடையது இல்லை. ஃபார்முலா ஒன் நிறுவனம் எடுத்து உலகம் முழுக்க அனுப்பும் ஒரே படம் அது. எந்தக் காரைக் காட்டுவது என்பது வர்ணனையாளர் கையில் இல்லை. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் முன்னால் நேரத் திரைகள் இருக்கின்றன. யார் எந்தச் சுற்றை எவ்வளவு நேரத்தில் ஓட்டினான், சுற்றின் மூன்று பகுதிகளில் எங்கே விட்டான், டயருக்கு எத்தனை சுற்று வயது, எல்லாம் அதில் தெரியும். படத்தில் இருப்பதை நானே பார்த்துக்கொள்வேன். இல்லாததைச் சொல்லத்தானே அவர்களுக்குச் சம்பளம்?

இன்னொன்று. மெதுவான வளைவு வந்ததும் "ஒட்டிவிட்டான், ஒட்டிவிட்டான்" என்று ஒரு கூச்சல். மணிக்கு 300 கிலோமீட்டரில் ஒரு நொடி இடைவெளி என்றால் 83 மீட்டர். அதே ஒரு நொடி, 70-இல் திரும்பும் வளைவில் வெறும் 19 மீட்டர். இடைவெளி குறையவே இல்லை, கார்கள் மெதுவாகின்றன, அவ்வளவுதான். தூரத்திலிருந்து எடுக்கும் பெரிய லென்ஸ் வேறு இரண்டு காரையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும். இது தெரியாதவர்களா அவர்கள்? தெரிந்தே கத்துகிறார்கள்.


லெனேசியா அக்கா

கத்தினால் என்ன? நான் ரேஸுக்கு வந்ததே அந்தக் கூச்சலால்தான். சமையலறையில் ரொட்டி போட்டுக்கொண்டிருப்பேன், டிவி அந்த அறையில் ஓடும். குரல் ஏறினால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன். அது எனக்கு மணி அடிக்கிற மாதிரி. நேரத் திரையை ஒப்பிக்கிற ஆள் பேசினால் ரொட்டி கருகாது, ஆனால் ரேஸும் பார்க்க மாட்டேன்.

உங்கள் மகனுக்கு எல்லாம் தெரிகிறது, சந்தோஷம். என் வீட்டுப் பிள்ளைகள் ரேஸ் பற்றிய நெட்ஃபிளிக்ஸ் தொடரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். அவர்களுக்கு யாராவது உற்சாகமாகச் சொல்ல வேண்டும்.


பழைய ரேடியோ (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

தம்பி மைன்ஷாஃப்ட், நீங்களெல்லாம் படம் பார்த்துக் கெட்டுப்போனவர்கள். இந்த நாட்டில் டிவி தொடங்கியதே 1976 ஜனவரி 5-ஆம் தேதிதான். அதற்குப் பத்து மாதம் முன்னால், 1975 மார்ச் 1 அன்று, ஜோடி ஷெக்டர் டிரெல் காரில் கயலாமி ஓடுகளத்தில் ஜெயித்தார். தென்னாப்பிரிக்க கிராண்ட் பிரி உலக சாம்பியன்ஷிப் ரேஸாக நடந்த வருஷங்களில் அதை ஜெயித்த நம் நாட்டுக்காரர் அவர் ஒருவர்தான். அதை வீட்டில் உட்கார்ந்து பார்க்க இங்கே யாருக்கும் வழியில்லை. மாமா கடையில் மாவு மூட்டை மேல் ரேடியோவை வைத்துக் கேட்டோம். எந்த வளைவில் யார் எங்கே என்று அந்தக் குரல் சொல்லாவிட்டால் எங்களுக்கு ரேஸே இல்லை. அதனால் சொன்னார்கள்.

டிவி வந்த பிறகு குரலுக்குச் சோம்பல் வந்துவிட்டது. "அதைப் பாருங்கள்!" என்றால் போதும் என்று நினைக்கிறார்கள்.

பிபிசியின் பழைய வர்ணனையாளர் மரே வாக்கரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. அவர் செய்யாத தப்பு இல்லை. இன்னார் அருமையாக ஓட்டுகிறார் என்பார், வாய் மூடுமுன் அந்தக் கார் புகை விடும். ஆனாலும் 1980-இலிருந்து 1993 வரை அவரும் முன்னாள் உலக சாம்பியன் ஜேம்ஸ் ஹன்ட்டும் சேர்ந்து செய்ததற்கு இணை இல்லை. வாக்கர் நின்றுகொண்டு கத்துவார், ஹன்ட் உட்கார்ந்துகொண்டு ஒரே வரியில் ஒருத்தனைத் தீர்த்துக்கட்டுவார். இரண்டு பேருக்கும் ஒரே மைக், மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். ஒரே நேரத்தில் பேசவே முடியாது. இன்றைக்கு மூன்று பேருக்கு மூன்று மைக் கொடுத்ததுதான் முதல் தப்பு.

ஹன்ட் 1985 கயலாமி ரேஸின் வர்ணனையிலேயே நிறவெறியைக் கண்டித்துப் பேசியவர். அந்த மரியாதையும் எனக்கு உண்டு.


ஈரச்சக்கரம் (லாடியம்)

ஐயா சொன்னதில் பாதி சரி. வாக்கரை நினைத்து உருகுபவர்கள் அவர் சொன்ன தப்புகளைத்தான் நினைத்து உருகுகிறார்கள். இன்று அதே தப்பை ஒருவர் செய்தால் அதே ஆட்களே நார் நாராகக் கிழிப்பார்கள்.

பெரிய ஓட்டுநர் என்பதற்காக மைக்கைக் கொடுப்பதும் வேண்டாத வேலை. வர்ணனையாளர் மார்ட்டின் பிரண்டில் 158 ரேஸ் ஓடி ஒன்றுகூட ஜெயிக்காதவர். ஆனால் பின்டயர் எப்போது வழுக்கப்போகிறது என்று வழுக்குவதற்கு ஒரு சுற்று முன்னால் அவர் சொல்வார். சென்னையில் பிறந்த கருண் சந்தோக் ஓடியது பதினோரு ரேஸ், புள்ளி பூஜ்யம். அவரிடம் ஒரு வளைவின் படத்தைக் கொடுத்தால் இவன் எந்த இடத்தில் பிரேக்கை விட்டான், அவன் ஏன் அங்கே விடவில்லை என்று நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். உலக சாம்பியன்கள் சிலர் வந்து உட்கார்ந்தால் "ஆமாம், கஷ்டமான வளைவு" என்பதோடு சரி. அவர்களுக்குக் கை தானாகச் செய்த வேலை. ஏன் என்று யோசித்திருக்க மாட்டார்கள்.


டயர்_கடன்

பிரிட்டிஷ் சேனல், பிரிட்டிஷ் ஓட்டுநர், பிரிட்டிஷ் கண்ணீர். அவ்வளவுதான் வர்ணனை. 2021 அபுதாபியில்


மட்டுறுத்துநர்

மேலே உள்ள பதிவு பாதியில் வெட்டப்பட்டது. சாம்பியன் பட்டத்தைத் தீர்மானித்த அபுதாபி 2021 ரேஸ் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, 94 பக்கம். அங்கே போங்கள். இங்கே வேண்டாம்.


பாலமேட்டுக்காரன் (மிட்ராண்ட், முன்பு மதுரை)

இங்கே வேலைக்கு வந்து ஆறு வருஷம். கயலாமி என் அலுவலகத்திலிருந்து பத்து நிமிஷம். ஜூலு மொழியில் "என் வீடு" என்று அர்த்தம் என்று வந்த முதல் வாரமே ஒருவர் சொன்னார், அதிலிருந்து அந்தப் பக்கம் போனாலே வீட்டு ஞாபகம்.

எங்கள் ஊர் ஜல்லிக்கட்டில் மைக் பிடிப்பவரைக் கேட்டிருக்கிறீர்களா? வாசலில் மாடு வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்: எந்த ஊர் மாடு, யாருடையது, பிடித்தால் என்ன பரிசு, போன வருஷம் இதை யாரும் தொடவில்லை. கதவு திறந்ததும் "மாடு வருது, மாடு வருது", அவ்வளவுதான். அந்த நாலைந்து நொடிக்கு அவர் வாயில் வேறு வார்த்தை இருக்காது. அப்புறம் ஒரே தீர்ப்பு: "மாடு ஜெயிச்சது" அல்லது "பிடிபட்டது, வந்து பரிசை வாங்கிக்கப்பா." திமிலை ஒருத்தன் பிடித்தானா, இரண்டு பேர் தொங்கினார்களா என்பதையும் அவர்தான் சொல்வார், ஏனென்றால் இரண்டு பேர் பிடித்தால் செல்லாது.

பாருங்கள், அவர் முன்னாலும் பேசுகிறார், பின்னாலும் பேசுகிறார், நடுவில் இல்லை. டிவி ரேஸில் நடுவில்தான் தொண்டை கிழிகிறது. அந்தக் காரில் இருப்பவன் யார், ஏன் இன்று அவனுக்கு இது முக்கியம் என்பதை முன்னாலேயே சொல்லியிருந்தால், முந்தும்போது கத்தவே தேவையில்லை. நமக்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

(அண்டா, பீரோ, சைக்கிள் என்று பரிசை அடுக்குவதையும் சேர்த்துக்கொள்ளலாம். டயர் மாற்ற நிற்கும் பிட்ஸ்டாப்புக்கு ஒரு குத்துவிளக்கு.)


லெனேசியா அக்கா

குத்துவிளக்குக்கு என் வாக்கு.


ஈரச்சக்கரம்

அண்ணா, அருமை. ஆனால் ஜல்லிக்கட்டில் ஒரு நேரத்தில் ஒரு மாடு. இங்கே இருபது, இருபத்திரண்டு மாடு ஒன்றாக அவிழ்த்துவிட்ட கதை, அதுவும் ஒன்றரை மணி நேரம்.

மைக் பற்றிய குறை வெளிநாட்டுக்காரர்களிடம் மட்டும் இல்லை. இங்கே ஒரு உள்ளூர் ரேஸுக்குப் போயிருந்தேன், ஊர் பெயர் வேண்டாம். ஒலிபெருக்கியில் பேசியவர் கடைசிச் சுற்றில் முதல் இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது டயர் கடை விளம்பரம் வாசித்துக்கொண்டிருந்தார். யார் ஜெயித்தார் என்று பக்கத்தில் பிராய் அடுப்பில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் சொன்னதும் தப்பு.


மெரிபேங்க் மகள் (டர்பன்)

நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. என் தமிழ் மாலைநேரப் பள்ளியில் படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாவுக்கு 78 வயது. ஜேக்கப்ஸ் பக்கம் பட்டறையில் நாற்பது வருஷம் கார் தகடு தட்டி நிமிர்த்தும் பேனல் பீட்டராக இருந்தவர். சின்ன வயதில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருந்த ரோய் ஹெஸ்கெத் ஓடுகளத்துக்கு நண்பர்களோடு பக்கி என்கிற திறந்த வண்டியின் பின்னால் ஏறிப் போவாராம், நிறவெறிக் காலத்தில் நம்மவர்களுக்கு ஒதுக்கிய பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வருவாராம். அதை 1981-இல் மூடிவிட்டார்கள். சர்க்கரை வியாதியில் பத்து வருஷமாக அவருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. இப்போது வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. ஆனால் ஐரோப்பிய ரேஸ் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு முகம் கழுவி, சட்டை மாற்றி, டிவி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு இந்த வர்ணனை எவ்வளவு ஓட்டை என்று தெரிந்தது. "ஓ! பாருங்கள்! என்ன செய்துவிட்டான்!" அப்பா என் பக்கம் திரும்புவார்: "யாரு? என்ன செஞ்சான்?" அதற்குள் அவர்கள் வேறு எதையோ பேசப் போயிருப்பார்கள். ஒரு முந்தல் நடந்தால், முந்தியது யார், எந்த இடத்துக்காக, உள்பக்கமா வெளிப்பக்கமா என்ற மூன்றும் ஒரு வாக்கியத்தில் வருவது அபூர்வம். ரீப்ளே என்று சொல்லாமலே ரீப்ளேயைப் பேசுவார்கள். அப்பா அதை இரண்டாவது முந்தல் என்று நினைத்துக்கொள்வார்.

அதனால் நானே சொல்ல ஆரம்பித்தேன். முதலில் ஆங்கிலத்தில். அப்பா கையை உயர்த்திவிட்டார். "ரெண்டு இங்கிலீஷும் ஒண்ணோட ஒண்ணு இடிக்குது. தமிழ்ல சொல்லு, தனியா கேக்கும்." அதிலிருந்து தமிழ்தான். டிவி ஆங்கிலத்தில் ஓடும், அதன் மேல் என் தமிழ். அவருக்கு இரண்டும் இரண்டு காதில் கேட்கிற மாதிரி இருக்கிறதாம்.

சொல்லிப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். "அண்டர்கட்" என்பதை எப்படிச் சொல்வது? முன்னால் போகிறவனை ஓடுகளத்தில் முந்த முடியவில்லை, அதனால் அவனுக்கு ஒரு சுற்று முன்னாலேயே உள்ளே போய் டயர் மாற்றி, புது டயரின் வேகத்தில் அந்த ஒரு சுற்றில் நேரத்தைச் சம்பாதித்து, அவன் மாற்றிவிட்டு வெளியே வரும்போது முன்னால் இருப்பது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று வளைவு போய்விடும். அப்பா கேட்டுவிட்டு, "முன்னாடியே பந்தியில உக்காந்துட்டான்" என்றார். இப்போது எங்கள் வீட்டில் அண்டர்கட்டுக்கு "பந்தி".

இடைவெளியை நொடியில் சொன்னால் அவருக்குப் போதவில்லை. தெருவில் அளந்து சொல்வேன். "நம்ம கேட்லேருந்து மசூதி வரைக்கும்." "கேட்லேருந்து பக்கத்து வீட்டு மாமரம்." மைன்ஷாஃப்ட் அண்ணா சொன்ன 83, 19 மீட்டர் கணக்கு எனக்குத் தெரியாது, ஆனால் அதைத்தான் செய்திருக்கிறேன் போலிருக்கிறது. மெதுவான வளைவில் மாமரம், நேர்ப்பாதையில் மசூதி, இடைவெளி அதேதான்.

காருக்குள் வைத்த கேமரா வந்தால் மட்டும் நான் பேசக்கூடாது. சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். "சீக்கிரமே காலை எடுத்துட்டான், டயரு போச்சு" என்பார். இரண்டு சுற்றுக்கு அப்புறம் அந்த ஆள் பிட்டுக்கு வருவான். எப்போதும் இல்லை, ஆனால் நான் நினைப்பதைவிட அதிகமாக.


மைன்ஷாஃப்ட்

மூன்று முறை படித்தேன். நான் "படத்தில் இருப்பதை நானே பார்த்துக்கொள்வேன்" என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.


பாலமேட்டுக்காரன்

"பந்தி" இனிமேல் எங்கள் வீட்டிலும்.


பழைய ரேடியோ

அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லம்மா. ரோய் ஹெஸ்கெத்தில் அந்தப் பக்கம் வேலி ஓரம் நானும் நின்றிருக்கிறேன். ஒருவேளை பக்கத்திலேயே நின்றோமோ என்னவோ.

ஒன்று கேட்கிறேன். நல்ல வர்ணனை என்றால் சரியான நேரத்தில் மௌனம் என்பது என் கட்சி. 1996-இல் சுஸுகாவில் டேமன் ஹில் சாம்பியன் ஆனபோது, தொண்டை அடைக்கிறது, நிறுத்த வேண்டும் என்று சொல்லி வாக்கர் நிறுத்தினார். அதைவிடப் பெரிய வர்ணனை உண்டா? உன் அப்பாவுக்கு அந்த மௌனம் எப்படி இருக்கும்?


மெரிபேங்க் மகள்

வணக்கம் சொன்னேன் ஐயா. எந்த வளைவு என்று கேட்கச் சொன்னார்.

வாக்கர் மௌனமானதற்கு முன்னால், ஏன் மௌனமாகிறேன் என்று சொல்லிவிட்டார் இல்லையா? அது அப்பாவுக்குப் போதும். காரணம் சொல்லாத மௌனம்தான் கஷ்டம்.

2020 நவம்பர் 29, பஹ்ரைன். முதல் சுற்று. பின்னால் நெருப்புக் கோளம் ஒன்று எழுந்ததைப் படத்தில் பார்த்தேன். உடனே படம் மாறிவிட்டது. குரல்கள் தணிந்துவிட்டன. ரீப்ளே வரவில்லை. ஓட்டுநர் உயிரோடு இருக்கிறார் என்று தெரியும்வரை காட்டமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். "ரீப்ளே வந்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன சொல்வது? "தீ பிடிச்சிருக்குப்பா. யாருன்னு தெரியல." அவ்வளவுதான் என்னிடம் இருந்தது. அப்புறம் அந்தக் காரை ஓட்டிய குரோஜான் மருத்துவக் காரில் உட்கார்ந்திருப்பதைக் காட்டினார்கள். "உக்காந்திருக்கான்ப்பா. ஒரு கால்ல ஷூ இல்லை." அந்த ஷூ இல்லாத கால்தான் அவரை நம்ப வைத்தது. கார் இரண்டாகப் பிளந்ததையும், தீயில் அரை நிமிஷம் அளவு இருந்ததையும் பிறகு சொன்னேன்.

அன்று இரவு அவராகவே 1977 பற்றிப் பேசினார். கயலாமியில் ஓட்டுநர் டாம் ப்ரைஸும், தீயணைக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு பாதையைக் கடந்த 19 வயதுப் பையனும் செத்த ரேஸ். "ப்ரைஸ் பேரு எல்லாருக்கும் தெரியும். அந்தப் பையன் பேரு சொல்லு பாப்போம்" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது: ஃபிரெடெரிக் யான்சன் ஃபான் ஃபூரன்.


பழைய ரேடியோ

கேட்டுக்கொண்டேன் அம்மா. என் கட்சி கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது.

அப்பா கேட்ட இடத்தையும் சொல்: கடைசி வளைவுக்கு முன்னால், வேலி ஓரம் ஒரு பெரிய மரம் இருந்தது.


ஈரச்சக்கரம்

பைக் ரேஸில் இதைச் செய்து பாருங்கள் அக்கா. 2021 ஆஸ்திரியா, கடைசி சில சுற்றில் மழை. முன்னணிக் கூட்டம் ஈர டயர் பைக்குக்கு மாறப் பிட்டுக்குள் போகிறது. நம் பாட்செஃப்ஸ்ட்ரூம் பையன் பிராட் பிண்டர் மட்டும் காய்ந்த தரைக்கான டயரிலேயே ஓடுகளத்தில் தொடர்ந்து ஓட்டுகிறான், வழுக்கி வழுக்கி ஜெயிக்கிறான். கண்ணால் பார்த்த எனக்கே கடைசிச் சுற்றில் யார் எங்கே என்று குழப்பம். கண் மூடினால் சுத்தம்.


மெரிபேங்க் மகள்

அன்று நான் சொன்னது இவ்வளவுதான்: "எல்லாரும் குடை எடுக்கப் போயிட்டாங்க. நம்ம பையன் நனைஞ்சுகிட்டே போறான்." அதற்கு அப்புறம் ஒவ்வொரு வளைவுக்கும் "இருக்கான்", "இருக்கான்", "இருக்கான்".


லெனேசியா அக்கா

படித்துவிட்டு அழுதேன். ரொட்டி கருகியது. போதுமா?


மைன்ஷாஃப்ட்

இந்த ஞாயிறு சோதனை செய்தேன். முதல் இருபது சுற்று கண்ணைக் கட்டிக்கொண்டேன். மகன் பக்கத்தில் நோட்டோடு. "அதைப் பாருங்கள்" என்ற மாதிரி கத்திவிட்டு, எதை என்று சொல்லாமல் விட்டது 17 முறை. முதல் மூன்று இடத்தில் யார் என்று ஒரே மூச்சில் சொன்னது மொத்தம் 4 முறை. பிட்லேனிலிருந்து பேசுகிற பெண்தான் கண் தெரியாதவனுக்குப் புரிகிற மாதிரி பேசினார்: எந்த டயரை வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள், எந்த அணியின் ஆட்கள் நாற்காலியை விட்டு எழுந்தார்கள் என்று. நான் இதுவரை அந்தப் பகுதி வந்தால் டீ போடப் போய்விடுவேன்.

கண்கட்டைக் கழற்றிய பிறகு, சத்தத்தை அணைத்துவிட்டு நானே பத்துச் சுற்று தமிழில் சொல்லிப் பதிவு செய்தேன். மெரிபேங்க் தங்கைக்கு வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறேன். அப்பா கேட்டுவிட்டு என்ன சொன்னார் என்று மறைக்காமல் எழுதவும்.


மெரிபேங்க் மகள்

முழுசாகக் கேட்டார் அண்ணா. இரண்டு தரம் போடச் சொன்னார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"பையன் விஷயம் தெரிஞ்சவன். டயரு கணக்கெல்லாம் சரியா சொல்றான். மூணாவது யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை. அப்புறம், ஏன் இந்தக் கத்து கத்துறான்?"